கேட் அடைத்த நாட்கள்

பதினொன்றாம் வகுப்பு, மூன்றாவது வாரம்.
ஆளுக்கொரு மஞ்சள் தாள் கொடுத்தார்கள்.
பாடம் தவிர உனக்கு என்ன வேண்டும்?
மூன்று விருப்பங்களை வரிசைப்படுத்துக.

கோ-கோ, சதுரங்கம், நாட்டு நலப்பணித் திட்டம்,
பசுமைப் படை, வினாடி வினா, பேச்சு மன்றம்.
கடைசியில் யாரோ பேனாவால் சேர்த்திருந்தது:
கீபோர்டு. ஒன்றுதான் உள்ளது.

அடியில், எறும்பு எழுத்தில்,
நேரம்: மாலை 4.15 முதல் 5.00 வரை.
நான் முதலில் படித்தது அதைத்தான்.

எங்கள் ஊர்ப் பேருந்து நாலு இருபதுக்கு.
அடுத்தது ஏழேகால்.
அதில் வந்து இறங்கினால்
வாசலிலேயே விசாரணைக் கமிஷன்.

வெறும் தாளை மடித்துக் கொடுத்தேன்.
ஜெசிந்தா மிஸ் பிரித்துப் பார்த்தார்.
"ஒண்ணுமே பிடிக்கலையா, தேன்மலர்?"
"எல்லாம் பிடிக்கும் மிஸ். பஸ்ஸுக்குத்தான் பிடிக்காது."
அந்தப் பதிலுக்காகவே
பேச்சு மன்றத்தில் என்னை எழுதிப் போட்டார்.

நீடாமங்கலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை,
மற்றவர்களுக்காக:
ஊரை ஒரு ரயில்வே கேட் இரண்டாக அறுத்து வைத்திருக்கிறது.
நெல் மூட்டை ஏற்றும் சரக்கு ரயில் வந்துவிட்டால்
இன்ஜினைக் கழற்றி, சுற்றிக் கொண்டுவந்து,
மறுமுனையில் மாட்டும்வரை திறக்காது.
லாரி, கல்யாண வேன், வைக்கோல் டிராக்டர்,
நடுவில் மூச்சுவிட முடியாமல் எங்கள் நாலு இருபது.

ஆக, ஊதல் கேட்ட நாளில் நான் பேச்சாளர்.
கேட்காத நாளில் பயணி.

குறுவை அறுத்ததும் வாரத்தில் நாலு நாள் மன்றம்.
அதற்கு முன் ஒரு நாள் வந்தாலே பெரிது.
என் வருகைப் பதிவேட்டைப் புரட்டினால்
அந்த வருட விளைச்சலைச் சொல்லிவிடலாம்.

ஐந்து மணிக்கு, பை முதுகில் குதிக்க,
நின்ற வண்டிகளின் ஓரமாக ஓடுவேன்.
கண்டக்டர் பக்கிரிசாமி படியில் நின்று கேட்பார்,
"இன்னிக்கு என்ன தலைப்பு?"
"கைப்பேசி வரமா, சாபமா."
"சில்லறைதான் சாபம். ஏறு."
கேட் திறப்பதற்குள் தீர்ப்பும் சொல்லிவிடுவார்.

ஐப்பசியில் பள்ளிகளுக்கிடையே போட்டி.
ஆள் தேர்வுக்குச் சீட்டு எடுத்தோம்.
தலைப்பு: நம் ஊருக்கு மேம்பாலம் தேவையா?
எனக்கு வந்தது: தேவை.
நஸ்ரினுக்கு: தேவையில்லை.
அவள் வீடு பள்ளிக்குப் பின் தெரு.
"மாத்திக்கலாமா மிஸ்?"
"சீட்டுன்னா சீட்டு."

அன்று மழை.
ஈரப்பதம் பதினேழைத் தாண்டியதென்று
கொள்முதல் நிலையத்தில் மூட்டைகள் தார்ப்பாய்க்குள் கிடந்தன.
சரக்கு ரயில் வராது.
நாலேகாலுக்கே எனக்குத் தெரியும்.
நான் எழுந்திருக்கவில்லை.

பேசினேன்.
கேட்டுக்கு இந்தப் பக்கம் வலியில் முனகிய பெண்ணை,
அந்தப் பக்கம் காத்திருந்த மருத்துவமனையை,
தேர்வு அறையை அரை மணி நேரத்தில் தவறவிட்ட
சித்தப்பா மகனை.
ஒன்றும் கற்பனையில்லை. எல்லாம் நெஞ்சார.

நஸ்ரின் எழுந்தாள்.
"கேட் இருக்கிறதால..." என்றாள்.
அதற்குமேல் அவளுக்கு வரவில்லை.
என்னைப் பார்த்தாள்.
என் வாயில் அவளுக்கான வரிகள் அத்தனையும் இருந்தன.
எதிரணிக்கு எடுத்துக் கொடுக்கக் கூடாது, விதி.

ஒரு எவர்சில்வர் டம்ளரும்
திருவாரூர் போட்டிக்கு ஒரு இடமும்.

ஏழேகால் வண்டியில் வேறு கண்டக்டர்.
எதுவும் கேட்கவில்லை, டிக்கெட் கிழித்தார்.
கேட் திறந்து கிடந்தது.
தண்டவாளம் இரண்டு தடவை தூக்கிப் போட்டது,
அவ்வளவுதான்,
கடந்துவிட்டோம்.

தூரத்திலேயே தெரிந்தது வாசல் விளக்கு,
அதன் கீழே கைகட்டி அப்பா.
எனக்கு மூன்று நிமிடம் தருவார் என்று வைத்துக்கொண்டாலும்
இரண்டாவது நிமிடத்திலேயே மணி அடித்துவிடுவார்.
படியில் இறங்கும்போதே
அவையோர்க்கு வணக்கத்தை வெட்டிவிட்டேன்.