இரண்டாவது போன்

இந்த ஹெல்மெட்டின் காதில்
இரண்டு கருவிக்குத்தான் இடம்.
ஜிபிஎஸ்ஸைச் சேர்க்க
ஒன்றை அழிக்கச் சொன்னது புத்தகம்.
பொத்தானை ஏழு நொடி அழுத்த வேண்டும்,
நீலமும் சிவப்பும் மாறி மினுங்கும்வரை.
ஐந்தாவது நொடியில்
விரலை எடுத்துவிட்டேன்.

வழி எதற்கு.
செக்கானூரணிக்கு மருந்துப் பெட்டி போடுகிறவனுக்குத்
தெரியாத ரோடா.

பதினெட்டாயிரம் ரூபாய்க் கணக்கில்
சோணைமுத்துவும் நானும் பேச்சை முறித்து
ஆடி வந்தால் ஒரு வருஷம்.
அதற்கு முன் இந்த ஹெல்மெட்
ரெண்டு பேருக்கும் பொது.

நேற்று காளவாசல் சிக்னல்,
பாலத்தடி நிழலில் தொண்ணூறு நொடி.
காதுக்குள் அந்தப் பெண்குரல்:
'இரண்டாவது போன் இணைந்தது.'

திரும்பிப் பார்த்தேன்.
ஐம்பது அறுபது ஹெல்மெட்.
ஷேர் ஆட்டோவுக்கு அந்தப் பக்கமா,
தண்ணி கேன் வண்டிக்குப் பின்னாலா?
பத்து மீட்டருக்குள் எங்கோ இருக்கிறான்.

அவனுக்கு யாரோ போன் போட்டார்கள்.
என் காதில் மணி அடித்தது.
கையுறையோடு பொத்தான்வரை போன விரல்
அங்கேயே நின்றது.
நான்கு மணி. அடங்கிவிட்டது.

பச்சை. பின்னால் ஹாரன்.
'துண்டிக்கப்பட்டது' என்று
அவள் சொல்லவேயில்லை,
பொன்மேனி தாண்டும்வரை.

அப்போதுதான் பார்த்தேன்,
காளவாசலில் வலது திரும்ப வேண்டியவன்
பழங்காநத்தம்வரை
நேரே வந்திருக்கிறேன்.