மழைக்குப் பொறுப்பானவன்

வெள்ளவத்தையில் ஆறரை மணிக் காட்சி முடிந்து
படியிறங்கும்போதே ஆளுக்கொரு தராசு.

"மேடையில பதினெட்டுப் பாட்டு. இங்க ஏழு.
மிச்சம் பதினொண்டையும் கடலுக்கையோ போட்டவங்கள்?"
நகைக்கடைக் கணக்கர் சவுந்தரநாயகம்
டிக்கெட்டின் கிழிந்த பாதியை
நிலுவைப் பில் போல உயர்த்திக் காட்டுகிறார்.

நுஸ்ரத் ரீச்சருக்கு முறைப்பாடு வேறு.
வாய் ஒரு பக்கம் போகுது,
குரல் இன்னொரு பக்கத்தால வருது.
"எமில்டா எண்டா மூச்சு வாங்கிறதும் கேக்கும்.
தோணி வலிச்சுக்கொண்டு பாடுறவளுக்கு
மூச்சு வாங்காதோ?"

இல்லை, படம்தான் நல்லம் என்கிறாள்
கம்பஸ் பிள்ளை ஒருத்தி,
தலைக்கவசத்தை முழங்கையில் மாட்டியபடி.
கொட்டாஞ்சேனை மண்டபத்தில் அவளுக்குக் கிடைத்தது
தூணுக்குப் பின்னால் ஒரு கதிரை.
"அரைவாசி நாடகம் எனக்குத் தூண்தான் நடிச்சது."

அண்டைக்குத் தோணி ஆடவே இல்லை,
இண்டைக்குத் தலை சுத்திப் போச்சு
என்கிறான் அவளோடு வந்தவன்.
பாராட்டா குறையா, முகத்தில் தெரியவில்லை.

கீழே ஓடிய சிங்கள எழுத்தை வாசித்துப் பார்த்த திலினி
பாதித் தமிழில் சொல்கிறாள்:
பாட்டு வந்தா எழுத்து நிண்டுடுது.
அந்த நேரம்தான் நான் அழுதது.

பிறகு எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.
"நீங்கள் நாடகத்தில இருந்தனீங்கள் எல்லே,
சொல்லுங்கோ, எது திறம்?"

நான் மழைக்குப் பொறுப்பானவன்.
இருபத்தேழு இரவு, கறுப்புச் சீலைக்குப் பின்னால்,
பிஸ்கற் பேணிக்குள் இரண்டு சுண்டு பயறு.
தூறலுக்குச் சும்மா சரித்தால் போதும்.
முகத்துவாரத்தில் தோணி கவிழும் காட்சிக்குப்
பேணியைக் கீழே வைத்துவிட்டுத்
தகரத்தை இரு கையாலும் உலுப்ப வேண்டும்.
மூன்றாம் இரவு தகரம் பெருவிரலைக் கிழித்தது.
இண்டைக்கு இடி நல்லா விழுந்தது என்றார்
ஆர்மோனியக்காரர்.

நாடகத்தை நான் பார்த்ததில்லை.
பார்த்தது எமில்டாவின் முதுகு.
சட்டையைப் பிடித்திருந்த ஊசி,
அதைச் சுற்றி வியர்வை தீவாக விரிவது,
கடிதம் வாசிக்கும் இடத்தில்
இடது தோள் ஒரு விரலளவு இறங்குவது.
தோள் இறங்கினால் நான் தூற வேண்டும்.
முகத்தில் என்ன நடந்ததென்று
முன்வரிசை மூக்குச் சீறும் சத்தத்தில்தான்
கணக்குப் போட்டேன்.

இன்றைக்கு அந்த இடம் வந்தது.
வேறொருத்தி. வீடளவு முகம்.
கதிரையின் கைப்பிடியில் என் விரல்கள்
பேணியைத் தேடின.
அவள் கடிதத்தை வாசித்தாள்,
மடித்தாள்,
சிரித்தாள்.

சிரித்தாளா!
இருபத்தேழு இரவும் நான்
அழுகைக்கல்லவா பெய்துகொண்டிருந்தேன்.

எது திறம் என்பதை விட்டுவிட்டு
அவர்களிடம் கேட்டேன்:
எமில்டா அந்த இடத்தில சிரிச்சவளோ?

"அழுதவள்" என்றார் சவுந்தரநாயகம்.
"சிரிச்சவள். பல்லுத் தெரியாமல்" என்றார் ரீச்சர்.
கம்பஸ் பிள்ளை யோசித்துவிட்டுச் சொன்னாள்:
"தூண்."

அதன் பிறகு அவர்களுக்குள் பெரிய சண்டை.
பாட்டுக் கணக்குக்கூட மறந்து போயிற்று.
ஓட்டோக்காரன் இரண்டு தரம் ஹோர்ன் அடித்துப் பார்த்து
வேறு ஆள் ஏற்றிக்கொண்டு போனான்.

தண்டவாளப் பக்கமிருந்து மழை
காலி வீதியைக் கடந்து வந்தது.
பஸ் தரிப்பிடத்தின் தகரக் கூரைக்குக் கீழே
எல்லாரும் ஒதுங்கினோம்.
நான் காது கொடுத்தேன்.

கொஞ்சம் அவசரம்.
தோள் இன்னும் இறங்கவில்லை.