முப்பது கெஜம்

தரமணியில் இரவு ஒன்றரை.
அங்கே அவர்களுக்குப் பிற்பகல்.
என் பெயர் கிருபாவதி.
ஹெட்செட் மாட்டினால் கிரேஸ்.

குறுக்குவில்லை நான் தொட்டதே இல்லை.
அதன் சட்டம் மட்டும் மனப்பாடம்:
நாணின் இழுவிசை நூற்றிருபத்தைந்து பவுண்டுக்குக் குறையக் கூடாது,
காரில் ஏற்றும்போது நாண் தளர்ந்திருக்க வேண்டும்,
பொழுது சாய்ந்து அரை மணி ஆகிவிட்டால்
கண்ணெதிரே நின்றாலும் அது நாளைய மான்.
குடியிருப்பிலிருந்து நூற்றைம்பது கெஜம் தள்ளி நில்.
சாலைக்குக் குறுக்கே எய்யாதே.
எய்தால் தேடு. கிடைக்கும்வரை தேடு.

இந்தக் கடைசி வரியைப் படிக்கும்போது மட்டும்
குரல் இறங்கிவிடுகிறது என்று
பயிற்சியில் இரண்டு மதிப்பெண் குறைத்தார்கள்.

இன்று வந்தவர் டுவெய்ன். அறுபத்தெட்டு வயது.
தோளில் ஆபரேஷன், சாதா வில்லை இனி இழுக்க முடியாது.
வில்லாளர் சீசனிலேயே குறுக்குவில் எடுக்கலாமா?
எடுக்கலாம் ஐயா, டாக்டர் கையெழுத்து வேண்டும்.
பிசியோதெரபிஸ்ட் போட்டால் செல்லாது.
மூன்று முறை படித்துக் காட்டினேன்.
மாவட்டத்துக்கு மாவட்டம் ஏன் மாறுகிறது என்றார்.
எனக்கும் தெரியாது.
ஆற்றுக்கு அந்தப் பக்கம்
மானுக்கு வேறு தேதி.

வைக்கும்முன் கேட்டார்:
உங்கள் பக்கம் சீசன் எப்போது?

இருக்கும் ஊரைச் சொல்லக்கூடாது, அது எங்கள் விதி.
மூடியிருக்கிறது ஐயா.
எப்போது மூடினார்கள்?
நான் பிறப்பதற்கு முன்னால்.
கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
அப்படியானால் அங்கே மான்களெல்லாம்
நன்றாகக் கொழுத்திருக்கும், என்றார்.

மூன்று மணிக்கு டீக்கு இறங்கினேன்.
கேன்டீனுக்குப் பின்னால், மதில் இடிந்த இடத்தில்,
குப்பைத்தொட்டிக்குள் தலைவிட்டு நின்றது.
புள்ளிமான். விலாவை எண்ணலாம்.
கொம்புக்கு மூன்று கிளை:
டுவெய்னின் மாவட்டத்தில் இது செல்லும்.
முப்பது கெஜம். பக்கம் காட்டி நிற்கிறது. பின்னால் வெறும் சுவர்.
என்னையறியாமல் எல்லாம் சரிபார்த்துவிட்டேன்.

தலையைத் தூக்கியது.
வாயில் சாம்பார் ஒட்டிய பார்சல் கவர்.
மெல்லவில்லை,
விழுங்கிக்கொண்டிருந்தது.

ச்சூ என்றேன். கை தட்டினேன்.
கவரோடு இருட்டுக்குள் பாய்ந்தது.
செக்யூரிட்டி ஏகாம்பரம் நாற்காலியிலிருந்தபடியே
டெய்லி வரும் மேடம், விடுங்க, என்றார்.

டீயைத் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டு
செல்போன் வெளிச்சத்தில்
மதிலோரமாய் நடந்தேன்.
இடைவேளை பதினைந்து நிமிடம்.
ஒன்பது போயிருந்தது.