மூச்சு விடலாம்

நாகவள்ளி, உனக்கும் மதுரைக்குச் சீட்டு எழுதிவிட்டார்களாமே.
நான் போனது அமாவாசைக்கு மறுநாள்.
நீர் வற்றிப் பாறை தலைகாட்டும் நேரம்,
உங்கள் வத்தை குருசடைப் பக்கம் போயிருக்கும்.
நான் பஸ்ஸில்.
ஒரு நாள் பாசி போச்சு. சீட்டில் அதை எழுதுவதில்லை.

பத்து நாள் முன்னாலேயே சொல்வார்கள்:
மீன் கூடாது, கருவாடு கூடாது, பாக்கெட் உப்பு கூடாது,
கடல்பாசி கூடவே கூடாது.
பாசியை நாங்க திங்கிறதில்ல டாக்டர், பிடுங்குறதோட சரி.
முங்கும்போது வாய்க்குள்ள போற தண்ணி?
அவர் பேனாவை மூடினார். திறந்தார்.
"துப்பிடுங்க" என்றார்.

"முழுகாம இருக்கியாம்மா?" என்று நர்ஸ் கேட்பார்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது,
முழுகினால்தானே நமக்குக் கஞ்சி.
அப்புறம்தான் விளங்கியது.

ஊசி சின்னது. கட்டக்கோரைக்குள் கைவிட்டு
பார் கீறுகிற கீறலுக்குக் கால்வாசி.
மருந்து ஈயச் சிமிழுக்குள் வரும்,
கொண்டுவருகிறவர் கையுறையோடு வருவார்,
விரலில் துணி சுற்றிய நம்மைப் போல.
சூடில்லை, மயக்கமில்லை, ஒன்றுமே இல்லை.
அதுதான் எனக்குப் பயம்.

இருபது நிமிஷம் உட்கார வைத்துப் பிறகு மல்லாத்துவார்கள்.
தோளுக்கடியில் தலையணை, தொண்டை மேலே பார்த்தபடி.
ஒரு பெரிய தட்டு இறங்கும். இடிக்கப்போகிறது என்று தோன்றும்.
இடிக்காது. கழுத்துக்கு நாலு விரல் மேலே நின்றுவிடும்.
"அசையக்கூடாது, எச்சில் முழுங்கக்கூடாது."
நான் கண்ணை மூடி, பழக்கத்தில்,
எண்ண ஆரம்பித்துவிட்டேன்.
நாற்பது. அறுபது. தொண்ணூற்றிரண்டு.
அந்தப் பையன் ஓடிவந்தான்:
"அக்கா, மூச்சு விடலாம்க்கா!"

திரையை எட்டிப் பார்த்தேன்.
புள்ளி புள்ளியாகச் சேர்ந்து இரண்டு சிறகு.
இடதுபக்கம் நடுவில் ஓர் இடம் மட்டும் வெறுமை,
போன வருஷம் நாம் வேரோடு பறித்துவிட்ட
அந்தப் பாறையைப் போல.
என்ன தம்பி அது?
டாக்டர் சொல்லுவாங்க.
உன்னிடமும் அதையேதான் சொல்வான். கோபப்படாதே,
அவனுக்குத் தெரிந்தும் இருக்கலாம், தெரியாமலும்.

தண்ணீர் நிறையக் குடி.
கழிப்பறையில் இரண்டு தரம் ஊற்று.
அன்று ராத்திரி உன் சின்னவனை மடியில் போடாதே;
அழுதால் உன் நாத்தனார் எடுக்கட்டும்.

வியாழக்கிழமை முடிவு. அதுவரை சொல்ல ஒன்றுமில்லை.
திரும்பி வரும்போது பாம்பன் பாலத்தில்
ஜன்னல் வழியாகச் சாரல் அடித்தது.
சட்டென்று வாயை இறுக மூடிக்கொண்டேன்.
விலக்கு முடிந்துபோனது ஞாபகம் வர
சின்னப்பாலம் வந்துவிட்டது.