பெருவிரல்

மதுரையில் தொடை வழியே கம்பி ஏற்றி
நெஞ்சுக்குள் நாலு இடத்தில் சுட்டார்கள்.
நெல் அவிக்கிற ஊர்க்காரிக்குச்
சூடு புதிதில்லை என்று சிரித்தேன்.
டாக்டருக்குப் புதுவயல் தெரியவில்லை.
காரைக்குடிக்குப் பக்கம் என்றேன்.
'அப்ப உப்பைக் குறைங்க' என்றார்.

அது ஆகி ஏழு வாரம்.
தொடையில் கத்திரிக்காய் நிறத்தில் கிடந்த கன்றல்
பச்சையாகி மஞ்சளாகி
இப்போது தேடினாலும் இல்லை.

முன்பு நெஞ்சு
சல்லடை எந்திரத்தில் கல் விழுந்த மாதிரி
கடகடவென்று தன்பாட்டுக்கு ஓடும்.
நான் ஆபீசில் பில் போட்டுக்கொண்டிருப்பேன்.
மாடி ஏறினால் மூச்சு வாங்கும்,
வயசு என்பேன்.
எல்லாமே தப்பாக அடித்ததில்
எது தப்பு என்று தெரியவில்லை.

இப்போது ஒழுங்காக அடிக்கிறது.
அதனால்தான் கேட்கிறது
ஒன்று விட்டுப்போவது.

ராத்திரி பத்தரைக்கு மில்லில் மோட்டாரை நிறுத்துவார்கள்.
பகலெல்லாம் காதுக்குள் குடியிருந்த சத்தம்
கழன்று போனதும் இது தொடங்கும்.
இடப்பக்கம் ஒருக்களித்தால் தலையணைக்குள்ளேயே.
டொக், டொக், டொக்.
பிறகு
இருட்டில் கடைசிப் படி என்று கால் வைத்து
படி இல்லாமல் போகுமே, அது.
பிறகு
உள்ளிருந்து யாரோ கதவை ஓங்கி ஓர் உதை.

எழுந்து லைட்டைப் போட்டு
மாத்திரை டப்பாவைத் திறக்கிறேன்.
திங்கட்கிழமைக் குழி காலி.
முழுங்கியிருக்கிறேன்.
காபியை விட்டாயிற்று.
விட்ட காபிதான் வரக் காணோம் என்று தேடுகிறதோ.

மறுபடி மதுரை.
ஒரு நாள் முழுக்க ஒயர் ஒட்டிக்கொண்டு திரியச் சொன்னார்கள்.
ஒயரோடு பஸ் ஏறினேன்,
ஒயரோடு ரேஷன் கடை வரிசையில் நின்றேன்,
லோடு லாரிக்காரன் பிச்சைமுத்துவோடு
தார்ப்பாய் வாடகைக்குச் சண்டையும் போட்டேன்.
அதுவும் காகிதத்தில் விழுந்திருக்கும்.
ஒரு லட்சத்துச் சொச்சத்தில்
இருநூற்றுப் பதினெட்டு விட்டிருக்கிறதாம்.
'எல்லாருக்கும் விடும்மா.
உங்களுக்கு இப்பதான் காது கேக்குது.'

லட்சத்துக்கு இருநூறு.
எங்கள் மில்லில்
மூட்டைக்கு ரெண்டு கிலோ தள்ளுபடியை
யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.
இதெல்லாம் கழிவிலேயே சேராது.
பகலில் எனக்கு இது நன்றாகவே புரிகிறது.

பக்கத்தில் அழகுசுந்தரம்.
கிட்டங்கியில் மூட்டை எண்ணுகிற வேலை,
படுத்தால் கட்டை.
முப்பது வருஷமாக அவர் குறட்டை
நடுவில் அறுந்து நிற்கும்.
நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பேன்.
வந்துவிடும்.
அதை நான் யாரிடமும் சொன்னதில்லை,
அவரிடம்கூட.

நேற்று விழித்துவிட்டார்.
'என்ன, கையப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்க?'
எண்ணுகிறேன் என்றேன்.
'எண்ணுறது என் வேலை. இங்க குடு.'

மணிக்கட்டில் விரலை வைத்தார்.
பெருவிரலை.
பெருவிரல் வைக்கக் கூடாது,
அதற்கே ஒரு துடிப்பு உண்டு,
வைத்தவருடையதைத்தான் அது கேட்கும் என்று
நர்ஸ் டெய்சி எனக்கு ரெண்டு தடவை சொல்லியிருக்கிறாள்.
சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் தொடங்கிவிட்டார்
நெல் அளக்கிற குரலில்:
லாபம். ரெண்டு. மூணு.
ஒன்று என்பது அந்த வாயில் வராது,
கடன்காரனுக்கு நோட்டு எண்ணும்போதுகூட.

பதினாலு. பதினஞ்சு.
எனக்கு அங்கே விட்டுப்போனது.
அவர் பதினாறு என்றார்.
கதவு உதைபட்டது.
அவர் பதினேழு என்றார்,
குரலில் ஒரு நெல் சிந்தவில்லை.

அறுபதில் நிறுத்தி
'ஒண்ணும் விடலை. கணக்கு சரி. படு' என்றார்.
சரி என்றேன்.

கையை விடவில்லை,
அல்லது விட மறந்து தூங்கிவிட்டார்.
கண்டனூர்ப் பக்கம் ஏதோ ரயில் போனது.
நெஞ்சைக் கேட்காமல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.
கொஞ்ச நேரத்தில்
குறட்டை அறுந்தது.

லாபம்.
ரெண்டு.
மூணு.