பதினோரு நிமிடம்

கால்சியத்தைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும்.
முந்தினால் நீர் கலங்கிவிடும்,
குடுவையோடு தொட்டியில் கொட்ட வேண்டியதுதான்.
இருபது வருடமாக இதே வரிசை எனக்கு:
உப்பு, பொட்டாசியம், மக்னீசியம், சர்க்கரை,
வாயுக் குமிழிகள் ஏறி ஏறி உடைய
எல்லாம் தெளிந்த பின் அது.

தெப்ரெசென் நகரில் ஜனவரி.
டிராம் காட்டைச் சுற்றித் திரும்பும் வளைவில்
எங்கள் ஆய்வுக்கூடம்.
இன்று ஓர் எலியின் தண்டுவடத்தை
நகப்பிறை அளவுக்குச் சீவி
அந்த நீரில் கிடத்தினேன்.
வலி வந்து சேரும் நரம்பின் வேரை
மின்சாரத்தால் மெல்லத் தட்டினேன்.

திரையில் கோடு அசையவில்லை.

மறுபடி தட்டினேன். மறுபடி.
சீவும்போதே செத்திருக்கும் என்று
பிளேடைத் திட்டினேன்.
ஆனால் வேரின் பக்கத்துக் கம்பியில்
துடிப்பு சுத்தமாக இருந்தது.
செய்தி வந்திருக்கிறது.
நரம்பின் நுனிவரை வந்து
வாய் திறக்காமல் நிற்கிறது.

அப்போதுதான் கண்டேன்
மேசையில் மூடி திறக்காத சின்னப் புட்டியை.

நுனியின் கதவுகள் திறந்துதான் கொண்டன.
நுழைவதற்கு வெளியே ஆள் இல்லை.
கால்சியம் நுழைந்தால்தான் பொட்டலம் உடையும்,
உடைந்தால்தான் அடுத்த செல்லுக்குத் தெரியும்
எங்கோ ஒரு கால் தணலை மிதித்தது என்று.

லோரின்ஸுக்கு அக்கி வந்தது போன மார்ச்சில்.
ஏப்ரலில் கொப்புளம் காய்ந்து உதிர்ந்தது.
வலி மட்டும் வீட்டைக் காலி செய்யவில்லை.
சட்டை உரசினால் எரிகிறது.
இரண்டு நாற்காலிகளுக்கு இடையே கயிறு கட்டி
போர்வையைக் கூடாரமாக்கி
அதன் கீழே படுக்கிறான்,
எதுவும் படாமல், நானும் படாமல்.
அவன் முதுகுக்குள்ளும் இதே கால்சியம்
திரும்பத் திரும்ப வந்து
மறந்துவிடாதே என்று
ஏதோ ஒரு செல்லுக்குச் சொல்லிவைத்திருக்கிறது.

அவனுக்கும் ஒரு புட்டியை மறந்துவிட்டால் என்ன?
முடியாது.
மூச்சும் இதயமும் கேட்பது இதே காசைத்தான்.

அளந்து எடுத்து விட்டேன்.
நீர் மாறி வர இரண்டு நிமிடம்.
கோடு எழுந்தது,
முதலில் தயங்கி,
பிறகு பழகிய தன் வளைவோடு.
குறிப்பேட்டில் எழுதினேன்: திசு நலம்.

வீட்டில் கெட்டிலின் அடியில் வெள்ளைச் செதில்.
கடின நீர் ஊர் இது.
வினிகர் ஊற்றினேன், சீறி நுரைத்தது.
கூடாரத்துக்குள்ளிருந்து கேட்டான்:
இன்றைக்கு என்ன செய்தாய், பிரோஷ்கா?

கால்சியம் போட மறந்துவிட்டேன்.
தண்டுவடத்துக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

எவ்வளவு நேரம்?

பதினோரு நிமிடம்.

கெட்டில் அடங்கும்வரை அவன் பேசவில்லை.
பிறகு, பதினோரு நிமிடம் என்றான்,
டிக்கெட் கிடைக்காத ஓர் ஊரின்
பெயரைச் சொல்வதுபோல.