சொல்லுக்கு நூற்றெண்பது ரூபாய்

போரா பஜாரில் இரண்டாம் மாடி.
செத்தவர்களுக்கு இங்கிலீஷ் எழுதித் தருவது என் வேலை.
சொல்லுக்கு நூற்றெண்பது ரூபாய், படத்துக்குத் தனி,
ஞாயிறென்றால் கொஞ்சம் கூட.

இன்று காலை வந்தவர் கீர்த்தி ஃபுரியா.
அப்பா போய்விட்டார், தொண்ணூற்றொன்று.
மஸ்ஜித் பந்தரில் ஏழு கிடங்கு,
பைகுல்லாவில் நாலு கட்டடம், சயான் பக்கம் ஒரு சால்.
கடைசிவரை லோக்கலில் செகண்ட் கிளாஸ் பாஸ்.
கல்யாணப் பத்திரிகை உறைகளைப் பிரித்து
உள்பக்கத்தில் கணக்கு எழுதியவர்.
"இதுக்கு இங்கிலீஷ்ல ஒரே வார்த்தை இருக்குமே" என்றார்.
ஒரே வார்த்தை.
மகனும் ஃபுரியாதான்.

ஃப்ரூகல் என்று அடித்தேன்.
"டயட் மாதிரி இருக்கு."
த்ரிஃப்டி.
"அது பேங்க் விளம்பரம்."
ஹம்பிள்?
"எலெக்‌ஷன்ல நிக்கிறவனுக்குப் போடறது."
மைசர் என்ற சொல் கூப்பிடாமலே வந்து
நாக்கு நுனியில் குந்தியது;
தண்ணீர் குடித்து உள்ளே இறக்கினேன்.
தமிழில் இதற்கு எச்சில் கையும் காக்காயும் உண்டு.
இங்கிலீஷில் பெயர்த்தால் பத்துச் சொல்,
ஆயிரத்தெண்ணூறு ரூபாய்.

பிறகு அவர் படத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

காலர் திருப்பித் தைத்த சட்டை.
மூக்குக் கண்ணாடியின் இடது காலில் நூல் சுற்று.
எங்கள் வீட்டு வாடகைக் குமாஸ்தா.

மாதா மாதம் மூன்றாம் தேதி, பதினொரு மணி வெயிலில்
பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்தே வருவார்.
அம்மா முக்காலியைத் துடைத்துப் போடுவாள்.
"எந்தப் புண்ணியவானோ முதலாளி,
இந்த வயசில இந்த மனுஷனை அலைய விடுறான், பாவம்"
என்று தமிழில் அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிக்கொண்டு
ரேஷன் ரவை உப்புமாவைத் தட்டில் வைப்பாள்.
வெங்காயத்தை அவர் ஓரமாக ஒதுக்குவதைக் கண்டு
மூன்றாம் தேதி மட்டும் எங்கள் வீட்டில் வெங்காயம் கிடையாது.
சாப்பிட்டுத் தட்டைத் தானே கழுவிக் கவிழ்ப்பார்.
அப்புறம் ரசீதுப் புத்தகம்.

வருஷா வருஷம் பத்து பர்சென்ட் ஏறும்.
அப்பா கெஞ்சினால் இரண்டு கையையும் விரிப்பார்:
"சேட் கா ஆர்டர்."
கூரை ஒழுகிப் பாத்திரம் வைத்த வருஷமும்
சேட் கா ஆர்டர்.
நாங்கள் சேட்டைத் திட்டும்போது
அவரும் வருத்தமாகத் தலையாட்டுவார்.
நடிப்பு என்று சொல்ல இப்போதும் எனக்கு வாய் வரவில்லை.

அன்அஸ்யூமிங் என்று அடித்துத் திரையைத் திருப்பினேன்.
கீர்த்திக்குப் பிடித்துவிட்டது, திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்.
அஸ்யூம் என்றால் ஊகிப்பது.
ஊகித்ததெல்லாம் நாங்கள்; அவர் ஒன்றையும் ஊகிக்கவில்லை.
ஆகவே சொல் சரி.
அம்மாவும்தான் கிழிந்த குடையைத் தைத்துத் தைத்துப் பிடித்தாள்.
அதற்கு வார்த்தை தேடி
யாரும் இந்த மாடி ஏறப் போவதில்லை.

பில்லைப் பார்த்துவிட்டுக் கீர்த்தி
பத்து பர்சென்ட் குறைக்கச் சொன்னார்.
இரண்டு கையையும் விரித்தேன்:
"சேட் கா ஆர்டர்."
கடை என்னுடையது என்று அவர் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

மத்தியானம் அம்மாவுக்குப் போன் போட்டேன்.
இன்னும் அதே சாலில், அதே பதினேழாம் நம்பர்.
சற்று நேரம் மிக்சி ஓடும் சத்தம் மட்டும், யார் வீட்டிலோ.
பிறகு போர்ன்விட்டா டப்பா திறந்தது;
ஒருநாளும் நான் எட்டிப் பார்க்காத டப்பா.
பக்கத்து வீட்டுப் பையன் ரசீதை எழுத்துக் கூட்டி வாசித்தான்.
கையெழுத்துக்குக் கீழே பொடியாக, அச்சில், ஓர் இங்கிலீஷ் வார்த்தை.
அடுத்த தாளிலும். அதற்கடுத்த தாளிலும்.
ப்ரொ... ப்ரை... ட்டர்.

"அப்போ" என்றாள் அம்மா,
"பாவம்னு நான் யாரைச் சொன்னேன்?"